காலிப் பெட்டிக்குத் தேனீக் கூட்டம் தானாகக் குடிவர: பாடாங் செராய் அனுபவத்தில் ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில் கெடா மாநிலத்து எங்கள் பாடாங் செராய் பக்கம் புதிதாகத் தேன்பெட்டி செய்து வைக்கிறவர்கள் எல்லாரும் முதலில் செய்யும் காரியம், உள்ளே ஒரு மூடியில் கொஞ்சம் சீனிப்பாகு ஊற்றி வைப்பது. நானும் அதைத்தான் செய்தேன். மறுநாள் காலையில் பெட்டி நிறையக் கட்டெறும்பு, மூன்றாம் நாள் மாமரத்திலிருந்து கெரெங்கா (முசுறு) எறும்பு இறங்கி வந்து பெட்டியையே பிடித்துக்கொண்டது. அதைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன தம்பி, எறும்பு வளர்க்கிறியா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. பூவைத் தேடி வரும் தேனீ வேறு, வீட்டைத் தேடி வரும் தேனீ வேறு. வீடு தேடும் கூட்டம் கிளம்பும்போதே வயிறு முட்டத் தேனைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. அதற்கு இனிப்பைக் காட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. இருட்டான, காய்ந்த, எறும்பு இல்லாத, ஏற்கெனவே யாரோ குடியிருந்த வாசம் வீசும் ஒரு பொந்தைக் காட்ட வேண்டும். கீழே நான் சொல்லப் போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான், அதனால் ஏதாவது ஒரு படியில் சந்தேகம் வந்தால் "வாடகைக்கு வீடு பார்க்க வந்தவளுக்கு இது பிடிக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். (அவள்தான். வேவு பார்க்க வருவதெல்லாம் பெண் தேனீ, ஆண் தேனீ இந்த வேலைக்கெல்லாம் வராது.)

எந்தத் தேனீயைப் பற்றிப் பேசுகிறோம்

இதைத் தெளிவாக்காமல் ஆரம்பித்தால் ஆபத்து. மலேசியாவில் தேனீ என்றால் பல ரகம். உயரமான துவாலாங் மரத்திலும் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்திலும் ஒரே ஒரு பெரிய அடையை வெளியே தொங்கவிடுகிறதே, அது மலைத்தேனீ. அது எந்தக் காலத்திலும் பெட்டிக்குள் வராது, அதன் பக்கம் போகவும் வேண்டாம். கெலுலுட் என்கிற கொடுக்கில்லாத் தேனீ இன்னொன்று. அது பழைய கூட்டோடு தொடர்பு வைத்துக்கொண்டே மெழுகையும் பிசினையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து புதுக்கூடு அமைக்கிற ஆள், அதற்கு வேறு வழிமுறை. புதர்க் கிளையில் உள்ளங்கை அளவு அடை கட்டும் குட்டித் தேனீயும் பெட்டிக்கு வராது.

நமக்கு வேண்டியது பொந்துத் தேனீ. மரப்பொந்து, பழைய லயத்துச் சுவர் ஓட்டை, கூரைக்கும் சீலிங்குக்கும் இடைப்பட்ட இடம், உபயோகத்தில் இல்லாத மீட்டர் பெட்டி என்று இருட்டான இடத்தில் வரிசையாகப் பல அடைகள் கட்டும். தமிழ்நாட்டில் இந்தியத் தேனீ, அடுக்குத் தேனீ என்று சொல்வதும் இந்த இனந்தான். அறிவியல் பெயர் ஏபிஸ் செரானா. உடம்பில் கறுப்பும் மங்கிய மஞ்சளுமாகப் பட்டை இருக்கும், பெரிய கோபக்காரியும் இல்லை.

பெட்டி எப்போது தயாராக இருக்க வேண்டும்

கூட்டம் பிரிவது வசதி பெருகும்போது. உணவு நிறையக் கிடைத்து, கூட்டில் நிற்க இடம் இல்லாமல் போனால், புது ராணிகளுக்கு அறை கட்டத் தொடங்குவார்கள். அந்த அறைகள் மூடப்படும் சமயத்தில் பழைய ராணி ஏறக்குறைய பாதி ஜனத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுவாள். தாய்வீடு மகளுக்கு.

கெடாவில் இந்தக் கணக்கைப் பால்மரம்தான் போடுகிறது, கித்தா என்கிற ரப்பர் மரம். தை பிறந்த கையோடு கித்தா மரம் இலையை உதிர்க்கும், பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். பூ வருவதற்கு முன்பே இந்தத் தளிரில் தேன் உண்டு என்பது பால் வெட்டுகிறவர்களிலேயே பலருக்குத் தெரியாது. கித்தா இலைக்காம்பின் நுனியில் மூன்று இலைகள் சேரும் இடத்தைக் காலையில் உற்றுப் பாருங்கள். கடுகு அளவு சுரப்பிகள் இருக்கும், அதன்மேல் ஒரு துளி மினுங்கும், விரலால் தொட்டால் ஒட்டும். இலை முற்றினால் அது வற்றிவிடும். ஒரு தீம்பார் (ரப்பர்த் தோட்டம்) முழுக்க ஒரே நேரத்தில் தளிர்க்கும்போது தேனீக்களுக்குக் கல்யாண விருந்துதான், விருந்து முடியும் சமயத்தில் வீட்டில் ஜனநெருக்கடி.

அதனால் பெட்டியைப் பொங்கலுக்கு முன்பே செய்து, தைப்பூசம் முடிவதற்குள் வைத்துவிடுங்கள். என் பெட்டிகளுக்குக் கூட்டம் வந்ததெல்லாம் மார்ச் முதல் மே வரை. அதற்குப் பிறகும் எப்போதாவது வரும், ஆனால் அது பிரிந்த கூட்டமாக இராது, பட்டினியாலோ எறும்பாலோ மழை ஒழுகியோ பழைய வீட்டைக் கைவிட்டு ஓடிவந்ததாக இருக்கும். பொந்துத் தேனீ கொஞ்சம் சிரமம் என்றாலும் மூட்டை கட்டிவிடும், இந்தக் குணத்தை மனதில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

சுற்றிலும் செம்பனை (பாமாயில் மரம்) மட்டுமே என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். செம்பனையின் ஆண்பாளையில் மகரந்தம் கிடைக்கும், தேன் கிடையாது. அதன் மகரந்தச் சேர்க்கைக்குக் கேமரூனிலிருந்து 1981இல் ஒரு மூக்கு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த மரத்துக்குத் தேனீயை நம்பி இருக்கவேண்டிய தேவையும் இல்லை. ஆனால் பக்கத்தில் தென்னை, ரம்புத்தான், புளிச்சக்காய், முருங்கை என்று வீட்டுத் தோட்டங்கள் இருந்தால் போதும், தென்னை ஒன்றே வருஷம் முழுக்கச் சோறு போடும்.

பெட்டி

ஐரோப்பியத் தேனீக்குச் செய்கிற பெரிய பெட்டியை வாங்கிவிடாதீர்கள். அந்தத் தேனீ 40 லிட்டர் அளவுள்ள பொந்தை விரும்புகிறது என்று அமெரிக்காவின் தாமஸ் சீலி ஆராய்ந்து சொன்னார், நம் தேனீ உடம்பிலும் குடும்பத்திலும் சிறியது, அத்தனை பெரிய மண்டபம் வேண்டாம். என் அளவு இது: உட்புறம் நீளம் 35 செ.மீ., அகலம் 22, ஆழம் 22. பெருக்கிப் பார்த்தால் 17 லிட்டர், பழைய நாலு காலன் மண்ணெண்ணெய் டின்னைவிடக் கொஞ்சம் குறைவு.

சீலி செய்த சோதனை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. வேவுத் தேனீ இருட்டுப் பொந்துக்குள் போய்ச் சுவர் முழுக்க நடந்து நடந்து பார்க்கிறது. அந்த நடைதான் அளவெடுக்கிறதா என்று அறிய, உருளை வடிவப் பெட்டி ஒன்றைச் சுழல்மேடையில் வைத்து, தேனீ நடக்கும்போது சுவரைத் திருப்பினார். நடைக்கு எதிராகத் திருப்பினால் அதிகம் நடக்க வேண்டிவந்து பொந்து பெரியது என்று நினைத்துக்கொண்டது, நடக்கிற பக்கமே திருப்பினால் சிறியது என்று நினைத்துக்கொண்டது. நாம் வீடு பார்க்கப் போனால் இத்தனை கவனமாகப் பார்ப்போமா தெரியவில்லை.

பலகைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஹார்ட்வேர் கடைக்குப் பின்னால் கிடக்கும் பேலட் பலகை போதும், ஆனால் அதன்மேல் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடு காட்டிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் நச்சுப்புகை போட்டது, விட்டுவிடுங்கள். மெரந்தி துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பதப்படுத்தாத கித்தாப் பலகை ஊரெல்லாம் சும்மாவே கிடைக்கும், ஆனால் சீக்கிரம் பூசணம் பிடித்துப் பொடிவண்டு அரித்துவிடும். கனம் 2 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும், மெல்லிய பலகையில் மத்தியான வெயில் அடுப்பு மாதிரி இறங்கும்.

மேலே மூடிப் பலகைக்குப் பதிலாகச் சட்டக்குச்சிகளை வரிசையாக அடுக்குங்கள், ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குல அகலம். இதில் மட்டும் ஏனோதானோ கூடாது. நம் தேனீ ஒரு அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு விடும் இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான், அகலம் கூடினால் இரண்டு குச்சியை இணைத்துக் குறுக்கே கட்டிவிடும், பிறகு எந்த அடையையும் உடைக்காமல் எடுக்க முடியாது. 11 குச்சி வைத்தால் 35 செ.மீ. நிரம்பும். ஒவ்வொரு குச்சியின் அடியிலும் நடுவே ஒரு காடி அறுத்து ஐஸ்கிரீம் குச்சியை நீளவாக்கில் ஒட்டிவிடுங்கள், அடை அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நேராக இறங்கும். தமிழ்நாட்டுப் பழக்கத்தில் நியூட்டன் பெட்டி வைத்திருப்பவர்கள் ஏழு சட்டத்தோடு அதையே வைக்கலாம், அது இந்தத் தேனீக்காகவே செய்யப்பட்ட அளவு.

வாசல், அடிப்பலகையை ஒட்டி 8 மில்லிமீட்டர் உயரமும் 8 செ.மீ. நீளமும் உள்ள ஒரு பிளவு. இதற்கு மேல் உயரம் வைத்தால் தெபுவான் குளவி உள்ளே போகும், பல்லி போகும். ஒரே ஒரு வாசல்தான். "காற்று வரட்டுமே" என்று பின்பக்கம் வலை வைத்து ஓட்டை போடாதீர்கள், நம் நல்லெண்ணம் அவளுக்கு ஓட்டை வீடாகத் தெரியும். வேறு எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கப் பெட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்து வாசல் பிளவில் கண்ணை வைத்துப் பாருங்கள். மினுக் மினுக்கென்று தெரியும் இடத்தையெல்லாம் மெழுகால் அடையுங்கள்.

பெயிண்ட் உள்ளே வேண்டவே வேண்டாம். வெளியே அடித்தால் வாசம் போகும்வரை மூன்று நாலு வாரம் மழையிலும் வெயிலிலும் கிடக்கட்டும். புதுப் பெட்டியைவிடப் பழைய பெட்டிக்குத்தான் மவுசு.

வாசம்: கூட்டத்தை இழுப்பது இதுதான்

முதலிடம் தேன்மெழுகுக்கு. காட்டுத்தேன் எடுத்து விற்கிறவர்களிடம் பிழிந்துபோட்ட சக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதைத் துணியில் கட்டி, பழைய டின்னில் தண்ணீரோடு சேர்த்து மெல்லிய தீயில் வையுங்கள். மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், மேலே மிதக்கும், ஆறினால் மஞ்சள் வட்டமாக உறைந்து நிற்கும். தண்ணீர் இல்லாமல் நேரே அடுப்பில் வைக்காதீர்கள், பற்றிக்கொள்ளும். இந்த மெழுகை உருக்கிச் சட்டக்குச்சியின் நடுக்கோட்டில் தூரிகையால் மெல்லத் தடவுங்கள், மிச்சத்தை உள்சுவரிலும் வாசலைச் சுற்றியும் அழுத்தித் தேயுங்கள். விரலை முகர்ந்து பார்த்தால் தேன் வாடை வரவேண்டும், அவ்வளவு தேய்த்தால் போதும்.

பழைய அடையில் ஒரு துண்டு கிடைத்தால் அதற்கு இணையே இல்லை. தேன் வைத்த வெள்ளை அடை அல்ல, புழு வளர்ந்து வளர்ந்து பழுப்பேறிய கறுத்த அடை. தீப்பெட்டி அளவு போதும், கடைசிக் குச்சியில் மெழுகால் ஒட்டிவிடுங்கள். வைப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் ஃபிரீசரில் போட்டு எடுங்கள், மெழுகுப்பூச்சியின் முட்டையும் புழுவும் சாகும். ஒரு எச்சரிக்கை: எங்கிருந்து வந்தது, அந்தக் கூட்டம் எப்படிச் செத்தது என்று தெரியாத அடை வேண்டாம். தாய்லாந்து சாக்புரூட் என்கிற வைரஸ் நோய் 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் இதே இனத் தேனீக் கூட்டங்களைத் துடைத்துப்போட்டது, ஃபிரீசரை நம்பி அந்த மாதிரி நோய் வந்த அடையை வைக்கக் கூடாது.

அடுத்தது செராய். எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது, பாடாங் என்றால் திடல், செராய் என்றால் எலுமிச்சைப்புல். தேனீக்கள் புது இடத்தில் கூடும்போது வாலைத் தூக்கி ஒரு வாசனையை விசிறி "இங்கே வா" என்று மற்றவர்களைக் கூப்பிடும். அந்த வாசனையில் இருக்கும் சிட்ரால்தான் சமையல் செராயின் எண்ணெயிலும் பெரும்பங்கு. அதனால்தான் உலகம் முழுக்கக் கூட்டம் பிடிக்கிறவர்கள் இந்த எண்ணெயை வைக்கிறார்கள்.

இங்கேதான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு குப்பி வாங்கினேன், மேலே செராய் என்று போட்டிருந்தது, சந்தோஷமாக நாலு பெட்டியிலும் தடவினேன். இரண்டு மாதம் ஒரு தேனீகூட எட்டிப் பார்க்கவில்லை. பாட்டியிடம் முகரக் கொடுத்தேன், முகர்ந்த வேகத்தில் குப்பியைத் தள்ளிவிட்டு, "இது கொசுவுக்குப் பூசுறது ஐயா, குழம்புல போடுற செராயா இது?" என்றார். குப்பியைத் திருப்பிப் பார்த்தால் செராய் வாங்கி என்று இருந்தது. அது காம்பு சிவந்த வேறொரு புல், அதன் எண்ணெயில் கொசுவை விரட்டும் சரக்குதான் அதிகம். கூட்டம் வராததற்கு அதுதான் முழுக் காரணமா என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனாலும் பெயரில் வாங்கி என்று இருந்தால் வாங்காதீர்கள்.

சமையல் செராய் எண்ணெய் கிடைத்தால் பஞ்சில் இரண்டே சொட்டு. பஞ்சைச் சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, ஊசியால் ஒரு துளை குத்தி, பெட்டியின் பின்மூலையில் வையுங்கள், ஒரு மாதம் மெல்லக் கசியும். அதிகமானால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும் நெடிதான். எண்ணெய் இல்லையா, தோட்டத்தில் ஒரு தண்டைப் பிடுங்கி உரலில் நசுக்கி உள்சுவரில் தேய்த்துவிடுங்கள், வாரம் ஒருமுறை புதிதாகத் தேய்க்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

எங்கே வைப்பது

நிழல் முக்கியம். காலை வெயில் பட்டால் பரவாயில்லை, பதினோரு மணிக்கு மேல் படக் கூடாது. தரையிலிருந்து ஒன்றரை முதல் மூன்று மீட்டர் உயரம். இன்னும் உயரத்தில் வைத்தாலும் வரும், பிறகு ஏணியில் ஏறி இறங்குவது யார்? மேலே ஒரு துண்டு சிங்க் தகடு, பெட்டியில் நேராகப் படாமல் நாலு விரல் இடைவெளி விட்டு, முன்பக்கம் கொஞ்சம் நீட்டி. சாயங்கால மழை சாய்ந்து அடிக்கிற திசைக்கு வாசலைத் திருப்பாதீர்கள்.

தனித்து நிற்கும் பெரிய மரம், தோட்டத்து விளிம்பு, பழைய ஆயாக்கொட்டகையின் தாழ்வாரம் மாதிரித் தூரத்திலிருந்தே கண்ணில் படும் இடம் நல்லது. ஏற்கெனவே கூடு இருப்பது தெரிந்தால் அதன் காலடியில் வைக்காமல் நூறு இருநூறு மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு பெட்டியை வைத்துவிட்டுத் தவம் கிடப்பதைவிட மூன்று இடத்தில் மூன்று வைப்பது மேல். தோட்டத்து நிலம் என்றால் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு வையுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் பாதை, கோயில் வாசல், புல்வெட்டு மெஷின் ஓடும் இடம் மூன்றும் வேண்டாம்.

எறும்புக்கு: நாலு காலையும் நாலு டின்னில் நிறுத்தி, டின்னில் பழைய இஞ்சின் எண்ணெய். தண்ணீர் ஊற்றினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், சோதனைக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்டால் அபராதம் உங்களுக்கு. எண்ணெய் டின்னுக்கு மேல் மழை விழாமல் சின்ன குடை மாதிரி ஒரு மூடி வையுங்கள். கெரெங்கா எறும்பு டின்னைப் பற்றிக் கவலைப்படாது, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலியாகத் தொங்கிக் கிளையிலிருந்து நேரே கூரைக்கு இறங்கும், ஆகவே பெட்டியைத் தொடும், தொடப்போகும் கிளைகளையெல்லாம் பாராங் எடுத்துக் கழித்துவிடுங்கள். மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் கம்பியில் கிரீஸ்.

வேவு பார்க்க வந்தால் எப்படித் தெரியும்

வாரத்துக்கு இரண்டு நாள், காலை பத்து மணிவாக்கில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். திறக்க வேண்டாம். வேவுத் தேனீயின் நடத்தை தனி. பூவுக்குப் போகிறவளின் அவசரம் இருக்காது. பெட்டியைச் சுற்றி மெதுவாகப் பறப்பாள், பலகை இணைப்புகளை ஒவ்வொன்றாக முகர்வாள், வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள், உள்ளே போவாள், வெளியே வருவாள், மறுபடி போவாள். காலில் மகரந்தம் இருக்காது. கிளம்பும்போது பெட்டியைப் பார்த்தபடியே பின்வாங்கி அரைவட்டம் அடிப்பாள், அது முகவரியை மனப்பாடம் செய்வது.

ஒன்று இரண்டு வந்தால் ஒன்றும் அர்த்தமில்லை. இன்று மூன்று, நாளை பத்து, மறுநாள் முப்பது என்று ஏறினால் உங்கள் வீடு பேச்சில் இருக்கிறது. ஏனென்றால் வெளியேறிய கூட்டம் ஏதோ ஒரு கிளையில் திராட்சைக்குலை மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும், வேவு போனவர்கள் திரும்பி வந்து அந்தக் குலையின் மேலேயே நடனமாடி இடத்தைச் சொல்வார்கள். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டவர் இதைக் கண்டுபிடித்தது அழுக்கை வைத்து. ஆடுகிற தேனீக்களின் உடம்பில் மகரந்தத்துக்குப் பதில் புகைக்கரியும் செங்கல் தூசியும் ஒட்டியிருந்ததைப் பார்த்து, இவர்கள் பூவுக்குப் போகவில்லை, இடிபாட்டிலும் புகைக்கூண்டிலும் வீடு பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று ஊகித்தார். நல்ல வீடு கண்டவள் திரும்பத் திரும்ப ஆடுவாள், சுமாரான வீட்டைக் கண்டவள் சீக்கிரம் நிறுத்திக்கொள்வாள், அப்படியே ஆதரவு ஒரு பக்கம் குவிந்துவிடும்.

இந்த நாட்களில் உங்கள் வேலை சும்மா இருப்பது. பெட்டியைத் திறந்தால், நகர்த்தினால், "கொஞ்சம் எண்ணெய் கூடுதலாகப் போடுவோம்" என்று கை வைத்தால் பேச்சு முறிந்துவிடும்.

வரும் நாள்

பெரும்பாலும் வெயில் ஏறிய பிறகு, பத்திலிருந்து இரண்டு மணிக்குள். முதலில் சத்தந்தான் வரும், தூரத்தில் லோரி உறுமுவது மாதிரி. பிறகு வானத்தில் புகை போல ஒரு கூட்டம், ஒழுங்கே இல்லாமல் சுழல்வது போலத் தெரியும், ஆனால் மொத்தமாக நகர்ந்துகொண்டே இருக்கும். பெட்டியின் முன்பலகை நிமிஷத்தில் கறுத்துவிடும். வாசலில் ஒரு வரிசை தலையை உள்ளே, வாலை வெளியே தூக்கி வைத்து இறக்கையை விசிறும், பின்னால் வருகிறவர்கள் அந்த வாசனையைப் பிடித்து இறங்கி மளமளவென்று உள்ளே நடப்பார்கள். இருபது நிமிஷத்தில் வாசலில் ஐந்தாறு காவல்காரிகள் மட்டும் நிற்பார்கள். என் அப்பா முப்பது வருஷம் பால் வெட்டினவர், எந்தப் பூச்சிக்கும் அசராதவர், முதல் கூட்டம் வந்த அன்று கையில் காப்பிக் கோப்பையோடு அப்படியே நின்றுவிட்டார், காப்பி ஆறிப்போனது.

இந்த நேரத்தில் தேனீ கொட்டுவது குறைவு, காக்க வீடும் இல்லை, பிள்ளையும் இல்லை. அதற்காகக் கையை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு நாலைந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல் வந்தால் வேடிக்கை பார்க்காமல் 999.

கிளையில் தொங்கும் குலை கைக்கு எட்டும் உயரத்தில் கிடைத்தால் காத்திருக்கவும் வேண்டாம். முகவலை போட்டு, தண்ணீரை மெல்லத் தெளித்து, அட்டைப்பெட்டியை அடியில் பிடித்துக் கிளையை ஒரே உதறு. அதைத் தேன்பெட்டிக்குள் கொட்டி அங்கேயே சாயங்காலம்வரை விட்டால், ராணி உள்ளே விழுந்திருந்தால் மிச்சம் எல்லாம் தானாகப் பின்னால் போகும். ராணி விழவில்லை என்றால் எல்லாரும் கிளைக்கே திரும்பிவிடுவார்கள், இன்னொரு உதறு.

முதல் இரண்டு வாரம்

கூட்டம் வந்துவிட்டது என்று ஊரைக் கூட்டிக் காட்டத் தோன்றும். வேண்டாம். நான் மூன்றாவது கூட்டத்தை இப்படித்தான் இழந்தேன். மாமா குடும்பம் சுங்கை பட்டாணியிலிருந்து வந்திருந்தார்கள், காட்டலாம் என்று இரண்டாம் நாளே சட்டக்குச்சிகளைத் தூக்கினேன், நாலாம் நாள் பெட்டி காலி. உள்ளே கட்டைவிரல் அளவு மூன்று வெள்ளை அடை மட்டும் தொங்கியது.

பத்து நாள் திறக்காதீர்கள். வாசலைப் பார்த்தாலே விஷயம் தெரியும். மூன்று நாலு நாளில் காலில் மஞ்சள் உருண்டையோடு நிறையத் தேனீ வந்தால் ராணி முட்டையிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம், புழு வளர்க்கத்தான் மகரந்தம் அதிகம் வேண்டும். முட்டையிலிருந்து புதுத் தேனீ வெளிவர இருபது நாள்வரை ஆகும், அதன் பிறகு கூட்டம் அவ்வளவு லேசில் ஓடாது, பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவது.

இப்போதுதான் சீனிப்பாகுக்கு வேலை. மழை விடாமல் பெய்து வெளியே போக முடியாத நாட்களில், ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர், இருட்டிய பிறகு உள்ளே ஒரு தட்டில், மூழ்காமல் நிற்கச் சில குச்சிகளோடு. காலையில் தட்டை எடுத்துவிடுங்கள், வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது.

வாசலில் ராணித் தடுப்புத் தகடு மாட்டச் சிலர் சொல்வார்கள். நாலைந்து நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பழைய ராணி போன பின்னால் அதே கூட்டிலிருந்து பிரிந்து வரும் கூட்டங்களில் ராணி இன்னும் கன்னியாக இருப்பாள், இணைசேர வெளியே பறந்தே ஆகவேண்டும், பூட்டி வைத்தால் கூட்டம் வம்சம் இல்லாமல் அழியும்.

பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றவேண்டி இருந்தால் வந்த அன்றோ மறுநாளோ இரவில் வாசலை வலையால் அடைத்துத் தூக்குங்கள். வாரக்கணக்கில் விட்டுவிட்டால் இடம் மனதில் பதிந்துவிடும், பிறகு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோனால்தான் பழைய இடத்துக்குத் திரும்பாது.

டெங்கிக்குப் புகை மருந்து அடிக்கும் பகுதியில் இருக்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் தாமானில் ஒரு சாயங்காலம் அடித்துவிட்டுப் போனார்கள், மறுநாள் வாசலின் கீழே இரண்டு கை அள்ளும் அளவுக்குச் செத்துக் கிடந்தன. இப்போது அறிவிப்பு வந்தால், பறக்கப் போனவர்கள் அடங்கியதும் வாசலை வலையால் மூடி, பெட்டிமேல் நனைத்த கோணிச்சாக்கைப் போர்த்திவிடுகிறேன். புகை கலைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாக்கை எடுக்கிறேன், வலையை மறுநாள் விடியலில்.

வராத பெட்டி

ஜூன் வரை யாரும் வரவில்லை என்றால் இறக்கிவிடுங்கள். உள்ளே வைத்த அடைத்துண்டில் வெள்ளை நூலும் கறுப்புப் பொடியும் தெரிந்தால் மெழுகுப்பூச்சி முட்டையிட்டுவிட்டது, துண்டை எரித்துவிட்டு, கரப்பான் முட்டையையும் சிலந்தி வலையையும் துடைத்து, காய்ந்த இடத்தில் கவிழ்த்து வையுங்கள். கழுவ வேண்டாம், தேய்த்த மெழுகு அப்படியே ஊறட்டும், அடுத்த வருஷம் அதே பெட்டிக்கு வர வாய்ப்பு அதிகம். வேவு வந்து கடைசியில் வேறு இடம் போயிருந்தால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள், அதே மரத்தில் வேறு கிளைக்கோ ஐம்பது மீட்டர் தள்ளியோ மாற்றுங்கள். நான் பெட்டியின் அடியில் பென்சிலால் தேதியும் மரமும் எழுதி வைக்கிறேன். என் நாலாம் நம்பர் பெட்டியில் இப்போது மூன்று வருஷத்துக்கு "வேவு வந்தது, கூட்டம் வரவில்லை" என்று இருக்கிறது, வருகிற தைக்கு அதைக் கோயில் பின்னால் இருக்கும் பழைய ரம்புத்தான் மரத்துக்குக் கொண்டுபோகப் போகிறேன்.